நல்லையாவின் வரம்பு

டிசம்பர் 4

நறுவிலிக்குளத்தில் முதல் நாள். பள்ளிமுனையிலிருந்து இரண்டு பஸ். கடற்றொழில் வீட்டுப் பிள்ளைக்கு வயல் வரம்பில் தவளை எண்ணும் வேலை. அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

வரம்புப் புல்லுக்கு மருந்தடிக்காமல் விடும் விவசாயிகளுக்குத் திட்டத்தில் விதைநெல் கிடைக்கும். அதனால் வயலில் உயிர்கள் கூடுகின்றனவா என்பதுதான் ஆய்வு. திட்டத்துக்குள் ஆறு வயல், வெளியே ஆறு.

வெளியே உள்ளதில் ஒன்று நல்லையா ஐயாவின் வயல். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காணிக்குப் பத்திரமில்லை, அதனால் சேர்க்கவில்லை. ஆட்டுக்கு வேண்டுமென்று புல்லை விட்டிருக்கிறார். தவளை 31! திட்ட வயல் எதிலும் இருபதைத் தாண்டவில்லை.

"அடுத்த தடவ நம்ம பேரும் சேருமா மிஸ்?"

தெரியாது என்றேன். என்ன எண்ணுகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆய்வுத் தலைவர் பரமநாதன் சேரின் கட்டளை: "வெளி ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ மதுஷிகா. சொன்னா மாறி நடப்பினம்."

டிசம்பர் 27

மழை. செருப்பு அறுந்தது. நல்லையா வயலில் 34. அடுத்த மாதம் கடைசித் தடவை என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

ஜனவரி 22

கடைசி எண்ணிக்கை. நல்லையாவின் வரம்பு முழுக்க மஞ்சள். புல் கருகிக் கிடந்தது. அவர் வெளுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு காத்து நின்றார்.

"கடைசியா பாக்க வர்றீங்கன்னு மருந்தடிச்சு சுத்தம் பண்ணிட்டேன். தேயிலத் தோட்டத்துல ஒரு புல்லு நின்னாலும் எங்கப்பாவ கங்காணி ஏசுவாரு. இப்ப சேப்பாங்கதானே?"

தவளை 4.

என்ர பிழைதான். மூண்டு தரம் போயும் தவளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நான்!

ஜனவரி 24

சேரிடம் நடந்ததைச் சொன்னேன். "அடிக்குறிப்பில போடுவம்" என்றார்.

ஜனவரி 29

நல்லையா ஐயா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் மனைவி பேச்சியம்மா சிரித்துவிட்டா. ஐயா சிரிக்கவில்லை.

"தவளையா? தவளைய எண்ணவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பால் விடாத பிளேன்ரீ தந்தார்கள்.

பெப்ரவரி 20

அறிக்கை வந்தது. திட்டம் பலன் தருகிறதாம். ஒன்பதாம் பக்கம்: வெளி வயல் இலக்கம் 3, அதாவது நல்லையா ஐயாவின் வயல், இறுதி எண்ணிக்கை 4. அடிக்குறிப்பு இல்லை. சேரிடம் கேட்டேன். இடம் போதவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணத்தை எழுதி, திருத்தம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன்.

பெப்ரவரி 26

கடிதத்துக்குப் பதில் இல்லை.

காலையில் நல்லையா ஐயா போன் எடுத்தார். "மிஸ், புல்லு கொஞ்சம் துளுத்திருக்கு. நானே போய் எண்ணினேன். ஏழு. எழுதிக்குங்க."

எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. படிவம் எதுவும் மிச்சமில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: 7.