முந்தாதே முந்திரி

8 ஜனவரி 1987, வியாழன்

மெட்ராசில் தமயந்தியின் கல்லூரிக்குப் போய் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு வந்தேன். பெற்றோர் கூட்டமாம். கண்ணாடி போட்ட பேராசிரியை என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, "உங்க பொண்ணுக்கு ஃபைன் அதிகம்" என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷும் தமிழுமாக ஆரம்பித்தார். "எவ்வளவு மேடம்?" என்று சட்டைப்பையில் கையை விட்டேன்.

"என்ன எவ்வளவு?"

"ஃபைன்தான். இப்பவே கட்டிடறேன்."

இருபத்திரண்டு வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு கிடக்கிறவன் நான். அங்கே ஃபைன் என்றால் ஒரே அர்த்தம். ஹெல்மெட் போடாமல் இறங்கினால் சம்பளத்தில் பிடிப்பார்களே, அது. ஃபைன் ஆர்ட்ஸ் என்று முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த அம்மா. படிப்பில் அந்தப் பாதியில் கெட்டிக்காரியாம். பிசினஸ் பாதியில்தான் இடிக்கிறதாம்.

தமயந்தி சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்கப் பயமாக இருந்தது.

10 ஜனவரி, சனி

கேன்டீனில் சிங்காரவேலு பிடித்துக்கொண்டான். என்னோடு பெல்ட்டில் வேலை, முத்தாண்டிக்குப்பத்துக்காரன்.

"பாப்பா என்னாதான்ணே படிச்சிகினு கீது?"

"படைப்புக் கலையும் வணிகமும்."

"அப்படின்னா?"

"படம் வரையவும் கத்துக்கணும். அதை விக்கவும் கத்துக்கணும்."

வடையை முடிக்கும்வரை யோசித்தான். "ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சா ஒரு ஆளு வேல போச்சேண்ணே" என்றான். அப்புறம், "பர்மனன்ட் ஆவுமா?"

இந்த டவுன்ஷிப்பில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசிக் கேள்வி இதுதான். "பட்டம் பர்மனன்ட்தான், யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க" என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

18 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் லீவு முடிந்து தமயந்தி கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: படிப்பில் இது கடைசி வேலை. நிஜமான ஒரு வியாபாரி, நிஜமான ஒரு சரக்கு. லேபிளில் படமும் வாசகமும் அவளுடையது. பிப்ரவரி மாதத்துக்குள் ஐந்நூறு பாக்கெட் விற்க வேண்டும். வாங்குகிறவரிடம் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரே கடை வைத்திருக்கும் ஜாபர் அலி பாய், காடாம்புலியூர் முந்திரிக்கு இடம் கொடுத்துவிட்டார்.

"சரி, விக்கலன்னா?"

"பட்டம் கிடையாதுப்பா."

மூன்று வருஷம். என் தம்பி சண்முகசுந்தரம் கல்லூரியில் சேர்த்த அன்றைக்கே சொன்னான், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தால் ஆபீசில் பர்மனன்ட் ஆகிவிடுவாள் என்று. "நான் அப்பவே சொல்லலையா" என்பதை வாயிலேயே வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறான்.

பஸ் புறப்பட்டது. "பத்திரம்" என்றேன். "காசு இருக்கா" என்றேன். "கையை வெளிய நீட்டாதே" என்றேன். ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றுதான். பஸ் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். டீ குடித்தேன் என்று எழுதிவைக்கலாம்.

20 ஜனவரி, செவ்வாய்

பாதுகாப்பு வாரம் வருகிறது. வாசகப் போட்டி. போன வருஷம் "பாதுகாப்பே பாதுகாப்பு" என்று எழுதிப் போட்டேன். ஃபோர்மேன் கூப்பிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல இசக்கிமுத்து. ஆனா விஷயமும் ஒண்ணும் இல்லையே" என்றார்.

இந்த வருஷம் விடுவதாக இல்லை. டம்பர் லாரி ஓடும் ரோட்டில் "முந்தாதே" என்று ஒரு போர்டு உண்டு. அதோடு ஒரு வரி சேர்த்தேன்.

முந்தாதே. வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறார்கள்.

நாலே வார்த்தை. நானா எழுதினேன்?

29 ஜனவரி, வியாழன்

தமயந்தியிடமிருந்து பார்சல். முந்திரிப்பழம் படம் வரைந்து மெட்ராசிலேயே அச்சுக்கு பிளாக் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பழம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. அடியில் போட வேண்டிய வாசகம் தனித் தாளில்: "ஒருமுறை கை வைத்தால் கை திரும்பாது." வாய்விட்டுச் சிரித்தேன். நிஜம்தானே, முந்திரி டப்பாவுக்குள் போன கை எப்போது திரும்பியது?

பஜார் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். எழுத்துக் கோர்ப்பவர் தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "இது தமிழா கோலமா?" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். ஆனால் கையெழுத்துக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன். வீட்டுக்கு வந்து அரைத்தாளில் முத்து முத்தாக எழுதினேன். பேனா கையில் இருக்கிறதே என்று என் போட்டி வாசகத்தையும் இன்னொரு அரைத்தாளில் எழுதினேன். இரண்டையும் நாலாக மடித்துப் பையில் வைத்தேன். போட்டிக்கான கவர் மேல் பெயரும் டோக்கன் நம்பரும் எழுதியாயிற்று.

30 ஜனவரி, வெள்ளி

ஷிப்டுக்கு முன்னால் ஒன்றைக் கவரில் போட்டுப் போட்டிப் பெட்டியில். ஷிப்டு முடிந்து மற்றதை அச்சகத்தில். என்னைப் போல ஒழுங்கான ஆள் இந்த டவுன்ஷிப்பிலேயே கிடையாது.

7 பிப்ரவரி, சனி

பாதுகாப்பு வாரப் பரிசளிப்பு. முதல் பரிசு, கன்வேயர் பிரிவு, இசக்கிமுத்து. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். மேடையில் அதிகாரி தாளைப் பிரித்துப் படித்தார்.

"ஒருமுறை கை வைத்தால், கை திரும்பாது."

அதிகாரி சொன்னார்: "ஓடுற பெல்ட்டுல கை வைக்கிறவனுக்கு இதுக்கு மேல என்ன சொல்லணும்? படிச்சதும் என் கையையே பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்." ஒரே கைதட்டல்.

நான் மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றுவிட்டேன். இது இங்கே இருக்கிறதென்றால், முந்திரி பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் கடகடவென்று அது என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

பாய் கடையில் நாலு பெட்டி நிறைய பாக்கெட். சிரிக்கிற பழம். அதன் கீழே: முந்தாதே. வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறார்கள்.

"நான் பாத்தண்ணே," என்றார் பாய். "முந்திரிக்கும் முந்தாதேக்கும் பொருத்தமாத்தான் கீது, காலேஜு படிச்ச பொண்ணு ஏதோ புதுசா எழுதிக்கீதுன்னு உட்டுட்டேன்."

ஐந்நூறும் காடாம்புலியூர்ப் பெண்கள் லேபிளை உள்ளே வைத்து, பிளாஸ்டிக் பையின் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டியது. ஒவ்வொன்றாகக் கிழித்தால்தான் மாற்ற முடியும்.

8 பிப்ரவரி, ஞாயிறு

தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன். யார் செத்தது என்று பயந்துவிடுவாள். டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஹாஸ்டல் கிடைத்தது.

"லேபிள்ல கொஞ்சம் எழுத்துப் பிழைம்மா."

"எத்தனை எழுத்துப்பா?"

"எல்லா எழுத்தும்."

10 பிப்ரவரி, செவ்வாய்

வந்தாள். ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். "வேற யாராவது செஞ்சிருந்தா திட்டியிருப்பேன்பா" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடவும் இல்லை.

எனக்கு எதுக்கு இந்த வேலை? அவ கையெழுத்தையே குடுத்திருந்தா அந்த ஆளு தட்டுத்தடுமாறிப் படிச்சுக்க மாட்டானா? முத்து முத்தா எழுதுறானாம், பெரிய முத்து. இருபத்திரண்டு வருஷம் பெல்ட்டுல ஒரு கல்லு தப்பா போனா கண்ணு கண்டுபிடிச்சிரும். பையில ரெண்டு காகிதம், அதைப் பாக்கத் தெரியல. மூணு வருஷம் போச்சுன்னா அவ என்னைத் திட்டக்கூட மாட்டா. அதுதான்—

பொன்னம்மாள் டிபன் கேரியரைத் திறந்து அதிலேயே சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "பரிசு வாங்கினவரு சாப்பிடுங்க" என்றாள். இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் இதைவிடக் கூர்மையாக அவள் எதுவும் பரிமாறியதில்லை.

11 பிப்ரவரி, புதன்

புதிதாக அச்சடிக்க நாள் இல்லையாம். இருப்பதையே விற்றுப் பார்க்கிறேன் என்று கடை வாசலில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

இன்று விற்றது ஏழு. அதில் நான் ஆள் வைத்து வாங்கியது நாலு.

12 பிப்ரவரி, வியாழன்

கண்டுபிடித்துவிட்டாள். நாலையும் என்னிடமிருந்து பிடுங்கிப் பெட்டியில் திரும்ப வைத்தாள். "இது கலையும் இல்ல, வணிகமும் இல்லப்பா" என்றாள். என்னோடு பேசினாள் என்பதே எனக்குப் போதும்.

14 பிப்ரவரி, சனி

ஷிப்டு முடிந்து கடைப் பக்கம் போனேன். தூரத்திலேயே நின்றுகொண்டேன். டம்பர் டிரைவர்கள் நாலு பேர் லேபிளைப் பார்த்துச் சிரித்தார்கள். "நம்ம ரோட்டு போர்டு இங்க வந்துடுச்சு பாருடா." ஆளுக்கு ஒன்று. பின்னால் வந்தவர், "பாய், முந்தாதே ஒண்ணு குடுங்க" என்றார். முந்திரி என்கிற வார்த்தையே போய்விட்டது.

பிறகு ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. உடம்பெல்லாம் நிலக்கரித் தூசி. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வைத்துவிட்டு நாலடி போனார். திரும்பி வந்து வாங்கினார்.

தமயந்தி நோட்டைத் திறந்தாள். "எதுக்கு வாங்கினீங்கண்ணே?"

"வூட்ல காத்துகினு கீறாங்கன்னு எழுதிக்கீதே. வெறுங்கையோட எப்பிடிம்மா போறது?"

அவள் உடனே எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே பின்பக்கமாக நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

16 பிப்ரவரி, திங்கள்

பெட்டிகளைக் கடையிலிருந்து பண்ருட்டி, விருத்தாசலம் பஸ் நிற்கிற இடத்துக்கே மாற்றிவிட்டாள். "இதை வாங்குறது முந்திரி தின்னுறவங்க இல்லப்பா, வூட்டுக்குப் போறவங்க" என்றாள். பிசினஸில் இடிக்கிறது என்று யார் சொன்னது?

26 பிப்ரவரி, வியாழன்

ஐந்நூறும் தீர்ந்தது. பாய் இன்னும் அறுநூறு அச்சடிக்கச் சொல்கிறார். "எழுத்த மாத்திடாதீங்கண்ணே," என்றார் என்னைப் பார்த்து. "முக்கியமா நீங்க அந்தப் பக்கமே போவாதீங்க."

23 ஏப்ரல், வியாழன்

தமயந்தியின் கடிதம். கல்லூரி நேர்முகத் தேர்வில் அந்த வாசகத்தை யார் எழுதியது என்று கேட்டார்களாம். மறைக்காமல் தாள் மாறிய கதையைச் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்ட மூன்று பேரில் ஒருவர், "அப்படின்னா இது அதிர்ஷ்டம்தானே" என்றாராம். இவள், "தப்பு எங்க அப்பாவோடது சார். ஆனா நூத்திப்பதினேழு பேர்கிட்ட ஏன்னு கேட்டதும், பெட்டியைத் தூக்கி பஸ்கிட்ட வெச்சதும் நான்" என்றாளாம்.

மூன்று பேரும் சிரித்தார்களாம். சிரித்தால் மார்க் போடுவார்களா என்று எழுதவில்லை.

3 ஜூன், புதன்

முதல் வகுப்பு.

சண்முகசுந்தரத்துக்குச் சொன்னேன். "மெட்ராஸ்ல விளம்பரக் கம்பெனி ஒண்ணுல வேலையும் குடுத்திருக்காங்க."

"பர்மனன்டா?" என்றான்.

கேரியரைப் பொன்னம்மாள் தேய்த்துக் கழுவித் தமயந்தியின் பெட்டியில் வைத்துவிட்டாள். மகள் வரிக்குக் கிடைத்த பரிசு மகளிடமே போகட்டும்.

14 ஜூன், ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு. இந்தத் தடவை லீவு முடிந்து போகவில்லை, வேலைக்குப் போகிறாள். பாய் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தமயந்தி சன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்த லேபிளைத் தெரியாத மாதிரி படித்தாள்.

"அப்பா, இதை யாருக்கு எழுதினீங்க?"

"டம்பர் ஓட்டுறவங்களுக்கு."

"பொங்கலுக்கு நான் கிளம்பிப் போன மறுநாளுக்கு மறுநாள் எழுதினீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"பாதுகாப்பு வாரம் அப்பத்தானே வந்துச்சு."

சரி என்று தலையை ஆட்டினாள். நம்பின மாதிரி தெரியவில்லை. பஸ் உறுமியது.

"பத்திரம்" என்றேன். "காசு இருக்கா" என்றேன். "கையை வெளிய நீட்டாதே" என்றேன். வளைவு திரும்பும்வரை கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டேதான் போனாள்.

நாலாவதாக ஒன்று தொண்டைவரை வந்தது. டம்பர்காரனுக்கு இல்லம்மா, உனக்குத்தான் எழுதினேன். அதை மட்டும் சொல்லவில்லை.