வலது பக்கப் பொத்தான்கள்

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தம்பி குமரனுக்குக் கட்டு மாற்றினேன். புண் ஆறி வருகிறது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. புரட்டாசியில், குறுவை அறுப்பில், அவன் ஓட்டிய மெஷினில் வைக்கோல் சிக்கி, அதை இழுக்கப் போய்.

இருபத்தைந்து வயது. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான்.

டி.வி.க்குக் கீழே அவனுடைய கேம் பெட்டி. மேலே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறான். எடுத்துத் தூசி தட்டினேன். "அத யாருக்காவது குடுத்துடுக்கா" என்றான்.

வாங்க: பஞ்சு, பிளாஸ்திரி, து. பருப்பு, கொசுவத்தி.

நவ. 11, செவ்வாய்
"எனக்குச் சொல்லிக் குடுடா" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தான். "உனக்கா?" இத்தனை வாரத்தில் முதல் சிரிப்பு.

ஆட்டம் முழுக்க ஜப்பான் கார்ட்டூன். "கார்ட்டூன் இல்லக்கா, அனிமே." பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒரு வட்டக் களத்தில் சண்டை. வகுப்பில் ஒழுங்காக இருந்தால் சண்டைக்குப் பலம் கூடும். சண்டையில் ஜெயித்தால்தான் அடுத்த பருவம். கடைசிச் சண்டையையும் ஜெயித்தால் பள்ளிக்கூடம் முடிந்து வழியனுப்பு விழா.

'கலா' என்று என் பெயரிலேயே புதிதாகத் தொடங்கிக் கொடுத்தான். சீருடை. ஜன்னலோரம் இடம். இங்கிலீஷை அவன் படித்துச் சொன்னான். வாத்தியார் வருகை எடுத்தபோது "உள்ளேன் ஐயா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கு. விழுந்து விழுந்து சிரித்தான்.

சரித்திரப் பரீட்சை வேறு. பாஸ்.

"நாலு வருஷமா ஆடுறேன், ஸ்கூல் பக்கமே போனதில்ல. சண்டை மட்டும்தான்."

அவனுக்குப் பள்ளிக்கூடம் சலித்துப்போன விஷயம். நான் ஒன்பதாவதோடு சரி.

நவ. 12, புதன்
சண்டை எனக்கு வரவில்லை. இடது கட்டை விரலால் ஆளை நடத்த வேண்டும். வலது கட்டை விரலால் நாலு பொத்தான். முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம். குத்து, உதை, தாவு, தடு.

கு. ரிமோட்டை வாங்கி இடது கையால் பிடித்தான். வலது பக்கத்தை என் பக்கம் நீட்டினான். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். அவன் நடத்துவான், நான் அடிப்பேன்.

"தடு! தடுக்கா! அது தாவுறது!"

ஒன்பது முறை தோல்வி. பத்தாவது, ஜெயம்.

பக்கத்து வீட்டு மல்லிகா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "என்னடி, அக்காவும் தம்பியும் அடிச்சுக்கிறீங்களா?"

நவ. 14, வெள்ளி
கனமழை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை. மண்வெட்டியோடு நானே போனேன். கு. வாசல் வரை வந்து நின்று, திரும்பி உள்ளே போனான்.

மாலை மெஷின்காரர் ரவி அண்ணன் வந்தார். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காவல் கேமரா பார்க்கிற வேலையாம். "உக்காந்தே இருக்கலாம். மெஷின்ல இனிமே இவன ஏத்த முடியாது. தப்பா எடுத்துக்காதம்மா." கு. சரி என்றுவிட்டான். என்னைக் கேட்கவில்லை. 24ஆம் தேதி கிளம்ப வேண்டும்.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

நவ. 17, திங்கள்
கடைசிச் சண்டைக்கு முந்தினதை ஜெயித்தோம். சந்தோஷத்தில் வலது கையாலேயே என் தோளில் தட்டிவிட்டான். வலியில் முகம் சுருங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

விரல் போன அன்றைக்குச் சாப்பிட எப்போது வருவாய் என்று கேட்க நான்தான் போன் செய்தேன். எடுத்தான். "இருக்கா, ஒரு நிமிஷம்" என்றான். பிறகு அந்த அலறல். இதுவரை இந்த நோட்டில்கூட இதை எழுதவில்லை.

"நான் போன் பண்ணாம இருந்திருந்தா..."

டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெஷின நிறுத்தாம கைய விட்டது நான்தான்."

"போன் வராட்டி நிறுத்தியிருப்பதானே?"

"தெரியலக்கா. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப உம்மேல கோவம் வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நவ. 18, செவ்வாய்
பேச்சில்லை. ரசம், அப்பளம். பாதிச் சாப்பாடு மிச்சம்.

நவ. 19, புதன்
அப்படியே. கேஸ் புக் பண்ணினேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ.

நவ. 20, வியாழன்
வெயில். நெல் அவிக்கிற பானையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "வாக்கா." அவ்வளவுதான். போய் உட்கார்ந்தேன். கடைசிச் சண்டை. ஆறு முறை ஆடினோம். ஆறும் தோல்வி.

நவ. 22, சனி
அவனுக்குச் சட்டை இரண்டு, பெட்ஷீட், டம்ளர், ஊறுகாய் எடுத்து வைத்தாயிற்று. சட்டைப் பொத்தான்களை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்தேன்.

பிறகு சண்டை. பதினான்கு முறை. "போதும்க்கா. நம்மால ஆகாது" என்றான். எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். அவனுடைய பழைய ஆட்டத்தைத் திறந்தான். கை நன்றாக இருந்தபோது ஜெயித்து வைத்தது. வழியனுப்பு விழாவை ஓட விட்டான்.

"இது நாம ஜெயிச்சது இல்லையேடா."

"சும்மா பாரு."

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேலிருந்து பூ உதிர்ந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். எல்லோரும் அழுதார்கள். நானும்.

"கடைசி நாள்ல இப்படியா அழுவாங்க? நாங்கல்லாம் இங்க் அடிச்சு விளையாண்டோம்."

"எனக்குக் கடைசி நாள்னே தெரியாதுடா. நாலாவது பீரியட்ல ஆள் வந்து கூப்பிட்டாங்க, அம்மாவுக்கு முடியலன்னு. புஸ்தகத்தப் பெஞ்சு மேலயே வச்சுட்டு வந்தேன்."

அப்போது அவனுக்கு ஏழு வயது. என்னையே பார்த்தான். "இத நீ சொன்னதே இல்லையே."

நவ. 24, திங்கள்
விடிகாலை எழுந்து இட்லி. கட்டுச் சோறு புளியோதரை. ஒரத்தநாடு பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். தஞ்சாவூர் போய் அங்கிருந்து ஓசூர் வண்டி.

பையை அவனே தூக்கினான், இடது கையால். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கீழே நின்று எதையெதையோ சொன்னேன். மாத்திரை, சாப்பாடு, கம்பளி. எல்லாவற்றுக்கும் "ம்" போட்டான். கண்டக்டர் விசில் அடித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"கோவம் போயிடுச்சாடா?"

என் பக்கம் குனிந்தான். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா. போயிடும்."

வண்டி நகர்ந்துவிட்டது.