கூடத்துச் சுவரின் பூச்சு

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

புது வீட்டைப் பார்க்க அண்ணன் வந்திருந்தார். கூடத்துச் சுவரில் ஓடிய வெடிப்பை விரலால் தடவி, "இன்னா மாப்ள, கொத்தனாரு வூட்டு செவுத்துலயே வெடிப்பா?" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்து வைத்தார்.

அண்ணன் சின்னசேலம் பஸ் ஏறியதும் இவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையாக ஒலித்தது. உளியை எடுத்துப் பூச்சு மொத்தத்தையும் கொத்தித் தள்ளினார்.

"வெடிப்ப மட்டும் அடைச்சா போதாதாங்க?" என்று கேட்டேன்.

"பூச்சு செவுத்த வுட்டுடுச்சி. பட்டி வெச்சி மூடுனா கொஞ்ச நாளு தாங்கும். அப்பறம் பேத்துக்கினு வந்துரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "வேற யாரு வூடா இருந்தாலும் மூடிட்டுத்தான் வந்திருப்பேன்" என்றார்.

களமருதூரில் அக்கா வீட்டுக்கும் இவர்தான் பூசினார். கூடத்தைக் கூட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாய் போட்டேன்.