ராஜாக்கள் ஊர் திரும்பிய வழி

சைப்ரஸ்

அன்புள்ள வளர்மதிக்கு,

நான் சிங்கம்போல் இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி?

முதலாளி எங்கள் பாஸ்போர்ட்டோடு ஓடிவிட்டான். பயப்படாதே, மாதாகோயில் கொட்டகையில் படுக்கிறேன். நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து குழந்தை ஏசுவைக் கும்பிட்டவர்களாம். கோயில் நாடகத்தில் அதில் ஒரு ராஜா நான்தான்! உத்திரமேரூர் ஏரியளவு கூட்டம்; கிரீடம் கிட்டத்தட்டத் தங்கம்.

"நான் வேற சாமி கும்புடறவனாச்சே, சாமி?" என்றேன்.

"அவங்களும் வெளியாளுங்கதான். கடவுளே கூப்பிட்டாரு, வாய்யா" என்றார் தமிழ்ப் பாதிரியார்.

காணிக்கையாக நீ கொடுத்தனுப்பிய விபூதியை வைத்தேன். பாதிரியார் அதைக் குழந்தை ஏசுவின் காலடியிலேயே விட்டுவைத்தார். அழுதுவிட்டேன்.

அந்த ராஜாக்கள் வேறு வழியாக ஊர் திரும்பினார்களாம். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, வளர்மதி. உன் தம்பி தினகரனோடு போய்க் கலெக்டரிடம் மனு கொடு. இன்றைக்கே போ.

அவசரமாக,
உன் வரதராஜா