ஆசிரியருக்கு மாணவியுடன் உள்ள உறவு

14 மார்ச் 2005, பெருநகர் (காஞ்சிபுரம் பக்கம்)

நான் தையல் மிஷினை மிதிக்க, சௌமியா தரையில் உட்கார்ந்து கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். ஆறு வருஷமாக எங்கள் பள்ளிக்கூடம் இதுதான். ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாதே, அதனால் மகள் சொல்வாள், நான் கேட்பேன்.

ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு வள்ளியம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள். “வயசுப் பொண்ண இஸ்கூலுக்கு அனுப்பாம வூட்லயே குந்த வெச்சிக்கினு கீறியே, நாளைக்கு எந்தக் காலேஜில சேத்துப்பான்?” கொக்கி தைக்காமலே ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2 ஏப்ரல்

சென்னைக் கணிதக் கல்லூரியின் விண்ணப்பம் வந்துவிட்டது. நாடு முழுக்க எழுதுவார்கள், இருபத்தைந்து பேரைத்தான் எடுப்பார்கள். இவளுக்கோ அதை விட்டால் வேறெங்கும் போக மனசில்லை.

ஆசிரியர் ஒருவர் பரிந்துரை எழுத வேண்டுமாம். எந்த ஆசிரியர்? விடை சரி, வழி வேறு என்று ஆறாவதில் வெயிலில் முட்டி போட வைத்தாரே, அவரா? அன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள்தான் நான். அப்புறம் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாவது எழுதினாள், இப்போது பன்னிரண்டாவது. அங்கே இவள் முகம் யாருக்குத் தெரியும்?

5 ஏப்ரல்

நானே எழுதினேன். ஆசிரியர் பெயர்: சித்ரா. கல்வித் தகுதி – அங்கே பேனா நின்றுவிட்டது. பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் வீட்டுக்காரர், “வுட்டுட்டுப் போவியா, யாரு பாக்கப் போறான்?” என்றார். பத்தாம் வகுப்பு என்றே எழுதினேன். பொய் சொல்லியா பிள்ளையைச் சேர்ப்பது? மாணவியுடன் உள்ள உறவு: தாய்.

தபாலில் போட்டதிலிருந்து ஒரே யோசனை. பத்தாம் வகுப்பு என்பதைப் பார்த்ததுமே தூக்கிப் போட்டுவிட்டால்? என் வீம்புக்கு இவள் வாழ்க்கையா?

19 ஏப்ரல்

புதுத் தலைவலி. வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட அவளுக்கு வரவில்லை. பத்தாவது பரீட்சையிலேயே முணுமுணுக்கிறாள் என்று வராந்தாவில் தனியாக உட்கார வைத்தார்கள். நுழைவுத் தேர்வில் எழுப்பி வெளியே அனுப்பினால் போச்சு.

வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு போடச் சொன்னேன். பாதியில் சிரிப்பு வந்து, தைக்க வந்த பட்டுத் துணி மேலெல்லாம் துப்பிவிட்டாள். யாருடையது? வேறு யாருடையது, வள்ளியம்மாவுடையதுதான்.

22 மே

தேர்வு முடிந்தது. வாய் திறக்கவில்லையாம். நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்.

11 ஜூன்

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். இன்னும் சேரவில்லையே, அதற்குள் எதற்கு?

20 ஜூன்

இன்று நேர்முகத் தேர்வு.

மற்ற பிள்ளைகள் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். இவள் மட்டும் வரவே இல்லை. வெளியே பெஞ்சில் எனக்கு உயிரே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னாள். என் பரிந்துரையை எடுத்து வைத்துக்கொண்டே தொடங்கினார்களாம். பத்தாவது படித்த அம்மா உனக்கு நுண்கணிதம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?

“நீ இன்னா சொன்ன?”

“பதினொண்ணாவதுலேர்ந்து அம்மா சொல்லித் தர்லன்னேன். தெரியாத மாரி நான்தான் டவுட் கேட்டுக்கினு இருப்பேன்னேன்.”

அவள் பாட்டுக்கு வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி?”

“நான் கேக்கலன்னா நீ நிறுத்திடுவியேம்மா. உனுக்குப் புரியற வரைக்கும் சொன்னாத்தான் எனுக்கே தெளிவாவும். அந்த சாருங்க சாக்பீஸக் கையில குடுத்து, எங்கள உங்கம்மான்னு நெனச்சிக்கினு சொல்லுன்னாங்க. சொன்னேன்.”

“ரெண்டு வருசமா ஏமாத்திக்கினு இருந்தியாடி, கள்ளி!” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்தேகங்களுக்காகக் காஞ்சிபுரத்தில் பழைய புத்தகக் கடை கடையாக நான் அலைந்தது என்ன! கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, என்ன எழுதுவது?

4 ஜூலை

பட்டியலில் பெயர் இருக்கிறது. கடவுளே, இருக்கிறது.

1 ஆகஸ்ட்

விடுதியில் விட்டுவிட்டு வந்தோம்.

10 ஆகஸ்ட்

நாங்கள் பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்தேன். தொகையிடலில் ஒரு கணக்கு. எத்தனை தரம் போட்டும் வரவில்லை. இவளுக்கு யார் வாத்தியார் என்று கவலைப்பட்டே வருஷத்தை ஓட்டினேன். இப்போது எனக்குத்தான் வாத்தியார் இல்லை.

குழம்பு அடிப்பிடித்த வாசனைக்கு வீட்டுக்காரர் ஓடி வந்தார். “இன்னாடி ஆச்சு?”

“கணக்கு வர்ல.”

அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். “ஞாயித்துக்கெழம மொத ட்ரிப்பு என்னுதுதான். தாம்பரம் வரைக்கும் குந்திக்கினு வா. அங்கேர்ந்து போயி அவளக் கேட்டுக்கினு வா.”

முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று. கேட்க வேண்டியதை ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். என் சந்தேகங்கள் எல்லாம் நிஜச் சந்தேகம்.