செஸ்நட் பொம்மைகளுக்குக் கால்

செப்டம்பர் 19, வியாழன்

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஏழு யோசனை எழுதிக் கொடுத்தேன். ரோமன் முதலாளி நான்கை அடித்துவிட்டார். மிஞ்சியவை மூன்று: மேப்பிள் இலைத் தோரணம், ஆப்பிள் அப்பம், செஸ்நட் கொட்டையில் பொம்மை. "வார்சாவிலேர்ந்து வர்றவங்க, கிங்கா. வாரம் பூரா ஓடிக் களைச்சிருப்பாங்க. சுலபமா இருக்கணும், போட்டோல நல்லா விழணும்."

ஆப்பிள் தோட்டத்து வாசலில் பலகையும் வைத்தாயிற்று: 'நேரமில்லாத குடும்பங்களுக்கு எளிய இலையுதிர்காலச் சனிக்கிழமைகள்.'

அம்மா வேலைக்குப் போகும்போது அதைப் படித்தாளாம். "நேரமில்லாத குடும்பம்னா நாமதானே? நம்மள யாரும் கூப்பிடலையே" என்று சிரித்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக அம்மா அந்தத் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். நான் கல்வியியல் முடித்து, பதினான்கு பள்ளிக்கூடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, கடைசியில் அதே வாசலுக்குள் போகிறேன். ஒரே வித்தியாசம், என் சட்டையில் பெயர் எழுதிய அட்டை இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

முதல் நாள். ஒன்பது குடும்பங்கள். குரல் எழும்பவே இல்லை. ஒரு அப்பா "கொஞ்சம் சத்தமா, மிஸ்" என்று மூன்று தடவை சொன்னார். அப்பம் தீய்ந்தது. ஆனாலும் குழந்தைகள் தின்றார்கள்.

எங்கள் மேஜைகளைப் பிரித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பறிக்கும் பெண்கள். வார்சாவிலிருந்து வந்த, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் கேட்டாள்: "அவங்கல்லாம் வருஷா வருஷம் வர்றவங்களா?"

ஆமாம் என்றேன்.

அதில் ஒருத்தி என் அம்மா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெட்கமா? கூச்சமா? இரண்டும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மாவின் முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. ஏணியில் ஏற முடியவில்லை. கூடப் பறிக்கும் யாத்விகா அக்கா மேல்கிளையைப் பார்த்துக்கொள்கிறாள், அம்மாவுக்குக் கீழ்க்கிளை. முதலாளிக்குத் தெரியும், இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை லென்காவுக்கு ஏழு வயது. எல்லாவற்றையும் கேட்கிறாள். "ஊர்க் குழந்தைங்களுக்கெல்லாம் பொம்மை பண்ணித் தர்றியாம், எனக்கு எப்போ?" ஞாயிற்றுக்கிழமை என்றேன். அப்பா ஜெர்மனியிலிருந்து லாரியோடு வந்துவிடுவார், அம்மாவுக்கும் லீவு, எல்லோரும் காட்டுப் பக்கம் காளான் பறிக்கப் போகலாம் என்றேன்.

"எனக்கு லீவுன்னு யார் சொன்னது?" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

செப்டம்பர் 28, சனி

இருபத்து மூன்று குடும்பங்கள்! பலகையை யாரோ போட்டோ எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள்.

பொம்மைக்குக் கை கால் வைக்கப் பல்குத்தும் குச்சி வாங்கி வைத்திருந்தேன். பாதியிலேயே தீர்ந்துபோனது. குழந்தைகள் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "மிஸ், என்னுதுக்குக் கால் இல்ல, என்னுதுக்குக் கால் இல்ல" என்று ஒரே கூச்சல். மூன்றாவது மர வரிசையில் பழம் பறித்து முடித்திருந்தார்கள். "அங்க போய் விரல் நீளத்துக்குக் குட்டிக் குச்சி ஒடிச்சிட்டு வாங்க" என்றேன். கை நிறையக் கொண்டுவந்தார்கள். குட்டையான, கணுக்கணுவான குச்சிகள், நுனியில் உருண்டையாக ஒன்று. பூட்ஸ் போட்ட கால் மாதிரியே இருந்தது. நன்றாயிருக்கிறது என்று பாராட்டினேன்.

முதலாளி தட்டிக் கொடுத்தார். என் குரலும் இன்று கடைசி மேஜை வரை கேட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

காளானுக்குப் போகவில்லை. அம்மாவைப் பழம் தரம்பிரிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா தூங்கினார். லென்காவுக்கு மட்டும் நேற்று மிஞ்சிய குச்சியில் ஒரு பொம்மை செய்து கொடுத்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சனிக்கிழமைப் பாத்திரங்களைக் கழுவப் போயிருந்தேன். முதலாளி பறிக்கும் பெண்களை எல்லாம் மூன்றாவது வரிசைக்குக் கூப்பிட்டார். ஒரு கிளையைப் பிடித்துக் காட்டினார்.

"இது என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"மொக்குக் குச்சி. அடுத்த வருஷப் பழம் இதுலதான். பழத்தைத் தூக்கித் திருப்பிப் பறிக்கத் தெரியாம பிடிச்சு இழுத்தா, இதுவும் சேர்ந்துதான் வரும். வரிசை பூரா மொட்டையா நிக்குது. கீழ்க்கிளை மட்டும். கீழ்க்கிளை யாரு?"

எல்லோருக்கும் தெரியும் யாரென்று. அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தனூதாம்மா, உங்களுக்கு வயசாயிடுச்சு. போதும். நாளைலேர்ந்து வர வேணாம்."

நான் ஈரக் கையோடு இருபது அடி தள்ளி நின்றேன். அந்த உருண்டையெல்லாம் மொக்கு. அடுத்த வருஷப் பூ. பாராட்டினேனே — பூட்ஸ் என்று!

பழம் பறிப்பவள் மகளுக்கு மொக்கு எது என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒவ்வொரு அறுவடைக்கும் "நீ படி, தோட்டத்துப் பக்கம் வராதே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவள்தானே அம்மா.

அக்டோபர் 1, செவ்வாய்

சொல்லவில்லை.

அக்டோபர் 2, புதன்

அம்மாவுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. வேனில் போக முக்கால் மணி நேரம். ஆனால் பறிக்க விடவில்லை, அதற்குள் பேச்சு பரவியிருக்கிறது. ஜூஸுக்குப் போகும் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்து. அந்த முழங்காலோடு.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன். அம்மா காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்தக் குச்சி — நான்தாம்மா ஒடிக்கச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். லென்கா பொம்மையக் கொண்டுவந்து காட்டுனா, நாலு மொக்குக் கால் வச்சுக்கிட்டு. ஏண்டி, இழுத்துப் பிய்ச்சா பட்டையோட வரும், ஒடிச்சா சுத்தமா வரும். இருபத்திரண்டு வருஷம் பாத்தவளுக்கு இது தெரியாதா?"

"அப்புறம் ஏன் பேசாம நின்னே?"

"நீ ஏன் பேசாம நின்னே?"

அவளே சொன்னாள்: "என் வேலை போனா இன்னொரு தோட்டம். உன் வேலை போனா? முதல் வேலையிலேயே விரட்டினாங்கன்னு எழுதி அனுப்புவியா பள்ளிக்கூடத்துக்கு? போ. தண்ணி ஆறிடுச்சு, சுடவச்சுக் கொண்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அக்டோபர் 5, சனி

பதினெட்டுக் குடும்பங்கள். போதுமான பல்குத்தும் குச்சி.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று மூன்றாவது வரிசையில் தனியாக நடந்து பார்த்தேன். மொட்டையாக இருப்பது என் தோள் உயரம் வரைதான். அதற்கு மேல் ஒரு மொக்குகூடப் போகவில்லை. அம்மா தலைக்கு மேல் கை எட்டும் வரை பறிப்பவள். எட்டு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரம் இது. பார்த்த யாருக்கும் புரியும்.

யாருக்கும் — முதலாளிக்குமா?

அக்டோபர் 9, புதன்

ஆபீஸுக்குப் போனேன். பேச ஆரம்பிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அவர் பென்சில் சீவிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்: "தெரியும்மா."

"சார்?"

"சனிக்கிழமையே பாத்தேன், பசங்க ஒடிக்கிறத. வார்சாக்காரங்க முன்னாடி பிள்ளைங்கள அதட்ட முடியுமா? அடுத்த வாரம் ஒருத்தர் வருவாங்களா? ஆனா யாரையாவது குத்தம் சொன்னாத்தான் மத்தவங்க பதமாப் பறிப்பாங்க. உங்கம்மாவுக்கு ஏணியும் முடியல."

கத்தியிருக்க வேண்டும். மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "அம்மாவ மறுபடி எடுத்துக்குங்க சார்" என்றேன். கெஞ்சல்தான்.

யோசித்தார். கடைசியாகப் பழுக்கும் ரகத்தைப் பறிக்க ஆள் பற்றாது, மழை வேறு வருகிறது. "சரி, வரச் சொல்லு. ஆனா இந்தக் குச்சிப் பேச்சு இந்த ரூமோட முடியணும். பெண்டுங்க காதுக்குப் போனா சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போயிடும்."

சரி என்றேன். வெளியே வரும்போது ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

"என்ன சொல்லி சம்மதிக்க வச்சே?" என்று கேட்டாள் அம்மா. ஆள் பற்றவில்லையாம் என்றேன். நம்பவில்லை. ஆனாலும் பழம் பறிக்கும் பையை எடுத்து வாரைச் சரிபார்த்தாள்.

அக்டோபர் 12, சனி

குடும்பங்கள் வரும் முன்பு, காலையில் எல்லோரும் கொட்டகை முன்னால் நின்றோம். பறிக்கும் பெண்கள் பைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாத்விகா அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு "வந்துட்டியா கிழவி, மேல்கிளையில ஏறி ஏறி என் இடுப்பே போச்சு" என்றாள். அம்மாவின் முகத்தில் இரண்டு வாரமாகப் பார்க்காத ஒரு தெளிவு.

முதலாளி வந்தார். வரிசையைப் பிரித்துக் கொடுத்தார். அம்மாவிடம் வந்ததும் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தனூதாம்மா, இந்தத் தடவையாவது கொஞ்சம் மெதுவா. மரத்தையும் சேத்து வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க."

அம்மா, "சரிங்க முதலாளி" என்றாள்.

அவர் சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள். யாத்விகா அக்காவும், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். இதோ, இப்போது, ஒரே ஒரு வாக்கியம். அம்மா என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள், ஒரே ஒரு தடவை, வேண்டாமென்று.

சிரிக்காதது நான் மட்டும்தான். அதனாலோ என்னவோ, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் கேள்வி இல்லை. குச்சியை ஒடிக்கச் சொன்னது யாரென்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.