இடித்த கடைக்கு எதிரே

கிறைஸ்ட்சர்ச்
14 அக்டோபர் 2024

ஹேமநாதனுக்கு ஆதம் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறாய். தொப்பை போட்டிருக்கிறது.

இளைய மகள் ஆப்ரின் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தேன், உன்னை அல்ல. காலையில் டிராமில் ஏறி நடு ஊரைச் சுற்றினேன். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு நான் கடைசியாகப் பார்த்தது செங்கல் குவியலும் வேலியும்தான். இப்போது எங்கும் கண்ணாடி. இரும்புச் சட்டங்களைக் குறுக்கே மாட்டி, வெளியே தெரியும்படியே விட்டிருக்கிறார்கள். பெரிய தேவாலயத்துக்கு இன்னும் முகப்பு எழவில்லை. நடுநடுவே வெற்று மனைகளில் கார்கள். ஆற்றங்கரை அழகாக இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் நாம் இருவரும் சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்திய கட்டடத்தை இடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுவரில்தான் விரிசல் விட்டிருந்தது. நான் ஊரில், தங்காக்கில் உம்மாவை அடக்கம் செய்துகொண்டிருந்தபோது, இடிக்கச் சொல்லி நீ ஒருவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அதனால்தான் இத்தனை வருஷம் உன்னோடு பேச்சு இல்லை.

இப்போது அதே இடத்தில் புதுக் கடை போட்டுப் பீர் விற்கிறாயாம். இங்கே வந்துபோன நம் ஊர்ப்பக்கத்துச் சிம்பாங் ரெங்கம் மனோகரன் சொன்னான். தொடங்கும்போது நாம் பேசிக்கொண்டது என்ன? எனக்காக ஹலால் இறைச்சி மட்டும், மது கிடையாது. உனக்காக மாட்டிறைச்சி அடுப்பில் ஏறாது. அதை மீறியவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன். உண்டா, இல்லையா, எழுது. வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன்.

ஆப்ரினிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவளிடமே கொடு. நீ வெளியே வராதே.

ஆதம்

*

கடையிலிருந்து, அதே நாள்

ஆதம் பாய்க்கு,

பெஞ்சில் இருப்பது நீங்கள்தான் என்று பத்து மணிக்கே தெரியும். வராதே என்றதால் வரவில்லை. காற்று குளிராக இருக்கிறது, பாப்பாவிடம் ஒரு சால்வை கொடுத்திருக்கிறேன். கோபத்தோடேயே போர்த்திக்கொள்ளுங்கள்.

மாடிப்படி சுவரை விட்டுக் கழன்று தொங்கியதை நீங்கள் பார்க்கவில்லை. போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. திரும்பக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன்.

பீர் விற்பது பக்கத்துக் கடை. இரண்டுக்கும் ஒரே வாசல். மனோகரன் குடித்தது அங்கே, என்னிடம் சாப்பிட்டது தோசை. இறைச்சி நாம் முன்பு வாங்கிய அதே ஹலால் கடையிலிருந்துதான் வருகிறது. பீர் வைத்தால் கூட்டம் வரும் என்று என் வீட்டுக்காரி மலர் சொல்லிப் பார்த்தாள். "பாய்தான் போயிட்டாங்களே, இன்னும் யாருக்குலா பயப்படுறீங்க?" என்றாள். பயம் இல்லை, பழகிப்போய்விட்டது.

சமையலறைக்குப் பின்வாசல் இருக்கிறது, பூட்டவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள். நான் கல்லாவில் இருப்பேன். திரும்ப மாட்டேன்.

ஹேமா

*

தங்காக்
2 நவம்பர் 2024

ஹேமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பின்வாசல் வழியாக நான் வந்தது சோதனை போடத்தான். எல்லா மூடியையும் திறந்து பார்த்தேன். கோழிக் குழம்பில் சோம்பு அதிகம், பருப்பில் உப்பே இல்லை. உன் சமையல்காரர் என்னைச் சுகாதார அதிகாரி என்று நினைத்துக் கையுறை மாட்ட ஓடினார். அந்தப் பயம் நல்லதுதான்.

திரும்ப மாட்டேன் என்று எழுதியவன் திரும்பினாய். "சாப்பிட்டுட்டுப் போங்க பாய்" என்றாய். சாப்பிட்டது பசிக்காக. இரண்டாம் முறை சோறு வாங்கியதும் அதற்குத்தான்.

இடிக்காமல் விட்டிருந்தால் கட்டடம் நின்றிருக்கும். அதில் என் கருத்து மாறவில்லை. டிசம்பரில் கோத்தா திங்கிக்கு உன் அக்காவைப் பார்க்க வரும்போது, முதலில் இங்கே இறங்கு. நேரில் பேசித் தீர்க்கலாம், தீராவிட்டாலும் பேசலாம். மலரையும் கூட்டி வா.

இங்கே ஒரு தகராறு. என் சாப்பாட்டுக் கடையை இப்போது பார்த்துக்கொள்வது மூத்தவள் ஃபாயிஸா. இந்த ஊர்த் துணிக்கடைகளுக்கு வரும் கூட்டம் மாட்டிறைச்சி சூப் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறதாம். "நம்மாளுங்க நடத்துற எல்லா மாமாக் கடையிலயும் இருக்கு வாப்பா, நம்ம கடையில மட்டும் ஏன் இல்ல?" என்று தினமும் சண்டை. எனக்கு அது சமைக்க வராது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடமும் கேட்பாள். நாம் அன்று பேசிக்கொண்டதைப் பற்றி நீ எதையும் சொல்லிவிடாதே.

ஆதம்